அரமா, குதிரைத்திறனா?

மரம் அறுக்கும் ரம்பத்தின் எஞ்சினைக் குடைந்து வேகம் கூட்டுவது அமெரிக்கக் காடுகளில் ஒரு தனிக் கலை. ஆனால் கவனமாக அளந்து பார்த்தால், வேகம் பிறக்கும் இடம் வேறு.

மரவெட்டிகளுக்காக 1985-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் சங்கிலி ரம்பத்துக்கு என்றே இரண்டு பந்தயங்கள் உண்டு. ஒன்று 'ஸ்டாக் சா'. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரே ரக ரம்பம்தான் எல்லோர் கையிலும். 40 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் மேலிருந்து கீழாக ஒன்று, கீழிருந்து மேலாக ஒன்று என இரண்டு வட்டுகளை அறுத்துத் தள்ள வேண்டும். ஜெயிப்பது மனிதனே தவிர எஞ்சின் அல்ல.

மற்றது 'ஹாட் சா'. இதற்குப் போட்டியாளரே சொந்த ரம்பத்தைக் கொண்டுவருகிறார். 27 கிலோ வரை எடை, 80 குதிரைத்திறன் வரை சக்தி. அதாவது நம்மூர் மாருதி 800 காரின் எஞ்சினைப் போல இரு மடங்கு. சங்கிலி மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. 46 செ.மீ. கட்டையிலிருந்து மூன்று வட்டுகள் சில விநாடிகளில் விழுந்துவிடுகின்றன. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவில் இருக்கிறது தினக்கூலிக்கு மரம் சாய்ப்பவரின் ரம்பம். 50 சி.சி. முதல் 70 சி.சி. வரையிலான நடுத்தர ரகம். ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் தயாரிக்கும் 59 சி.சி. எம்.எஸ். 362, ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா தயாரித்த 70.7 சி.சி. 372 எக்ஸ்.பி. போன்றவை இதற்கு உதாரணங்கள். நாள் முழுவதும் தூக்கி அலையக்கூடிய 5, 6 கிலோ எடை. 5 குதிரைத்திறனைச் சுற்றிய சக்தி. இவற்றைத்தான் ஆரிகனிலும் வாஷிங்டன் மாநிலத்திலும், கிழக்கே அப்பலாச்சிய மலைகளிலும் தனிப் பட்டறைக்காரர்கள் பிரித்து, குடைந்து, மறுபடி பூட்டித் தருகிறார்கள். வாங்கியவர்கள் பழைய ரம்பத்தையும் புதுப்பித்ததையும் ஒரே கட்டையில் வைத்து, ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக ஒப்பிடுகிறார்கள். சில விநாடி வித்தியாசத்துக்காக நடக்கும் வாதங்களில் அனல் பறக்கிறது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி, மரம் வெட்டும் தொழிலில் ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளருக்கு 98.9 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தனர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண் 3.5 மட்டுமே. அந்நாட்டின் மிக ஆபத்தான தொழில்களின் பட்டியலில் இது உச்சியில் இருக்கிறது. எனவே கையிலிருக்கும் கருவியில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மூச்சைக் கட்டிய சட்டம்

சங்கிலி ரம்பத்தில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கின் சைலன்சரைக் குடைந்து சத்தத்தையும் வேகத்தையும் கூட்டிய நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சினின் குணம் அத்துப்படி. புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே நுழையும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். அதனால் பெட்ரோலில் கால் பங்குக்கு மேல்கூட எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைச் சும்மா விடவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து சிறு எஞ்சின்களுக்கான புகை விதிகள் படிப்படியாக இறுகின. தயாரிப்பாளர்கள் கலவையில் பெட்ரோலைக் குறைத்தார்கள். கார்புரேட்டரின் திருகைக் கண்டபடி திருப்ப முடியாமல் மூடி போட்டார்கள். சைலன்சரின் வாயைச் சுருக்கினார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுபவனைப் போல.

பட்டறைக்காரரின் முதல் வேலை இந்த மூக்கை விடுவிப்பது. சைலன்சரின் வாய் அகலப்படுத்தப்படுகிறது. மூடி கழற்றப்பட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் கூட்டப்படுகிறது. இந்த இரண்டாவது வேலையை மறந்தால் கதை கந்தல்தான். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு. கலவை மெலிந்தால் சூடு ஏறும், பிஸ்டன் கீறல் விழும், எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

அடுத்த கட்டம் நுட்பமானது. சிலிண்டருக்கு அடியில் உள்ள காஸ்கெட்டை எடுத்துவிட்டு, பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் மண்டைக்கும் இடையிலான இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அழுத்தம் கூடுகிறது. ஃபிளைவீலின் சாவியைச் சற்றே ராவி, தீப்பொறி சில டிகிரி முன்னதாக விழச் செய்கிறார்கள். கடைசியாக, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை அகலப்படுத்தி உயர்த்துகிறார்கள். 'போர்ட்டிங்' என்பது இதுதான். கை நடுங்கினால் சிலிண்டர் குப்பைக்குப் போகும். புகைத் துளையை அதிகமாக உயர்த்தினால் சக்தி மேல் சுற்றுகளுக்கு ஓடிவிடும். வெறுங்காற்றில் சீறும் ரம்பம், மரத்தில் அழுத்தியதும் மூச்சுத் திணறும்.

எஞ்சினைத் தொடாமலே வேகம் கூட்டவும் ஒரு வழி உண்டு. பொதுவாகப் பயன்படும் முக்கால் அங்குலத்தில் பாதியான 3/8 சங்கிலியை 7 பல் ஸ்பிராக்கெட் ஒரு சுற்றுக்கு 13.3 செ.மீ. இழுக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால் சங்கிலியின் வேகம் மணிக்கு 80 கி.மீ. ஸ்பிராக்கெட்டை 8 பல்லாக மாற்றினால் அதே சுற்றில் 91 கி.மீ. மென்மையான மரத்தில் இது லாபம். கடினமான மரத்தில், சுமை தாங்காமல் எஞ்சினின் சுற்றே விழுந்துவிட்டால் நஷ்டம்.

அளப்பதில் உள்ள சூது

இவ்வளவும் செய்த ரம்பம் நிஜமாகவே வேகமாக அறுக்கிறதா? நல்ல பட்டறையில் குடைந்தது அறுக்கத்தான் செய்கிறது. சந்தேகம் எவ்வளவு என்பதில்தான். ஏனென்றால் மரக்கட்டையைப் போல ஏமாற்றும் அளவுகோல் வேறு இல்லை.

அடிமரத்திலிருந்து நுனி நோக்கிக் கட்டை சிறுக்கிறது. முதல் வெட்டு 40 செ.மீ. விட்டத்தில், பழைய ரம்பத்தில் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சற்றுத் தள்ளி 38 செ.மீ. விட்டத்தில் குடைந்த ரம்பம் 9 விநாடியில் முடிக்கிறது. பத்து சதவீத வெற்றி என்று கை தட்டத் தோன்றும். ஆனால் அறுபட்ட பரப்பைக் கணக்கிட்டால் முதலாவது 1,257 சதுர செ.மீ., இரண்டாவது 1,134. விநாடிக்கு இரண்டுமே சுமார் 126 சதுர செ.மீ. வெற்றி எஞ்சினுடையதல்ல, கட்டை மெலிந்ததால் வந்தது.

இதோடு முடியவில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கணு இரண்டு விநாடியை விழுங்கும். ஈரமான மரமும் காய்ந்த மரமும் ஒன்றல்ல. வழிகாட்டும் பட்டை நீளமானால் உராய்வு கூடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது மனிதக் கை. செலவழித்துக் குடைந்த ரம்பத்தைப் பிடிக்கும்போது கை தன்னை அறியாமல் கொஞ்சம் அதிகமாக அழுத்தும்.

ஆகவே பக்குவப்பட்டவர்கள் சில கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கிறார்கள். வட்டக் கட்டைக்குப் பதில் நான்கு பக்கமும் சதுரமாக அறுத்த உத்தரம். இரண்டு ரம்பத்துக்கும் ஒரே பட்டை, ஒரே சங்கிலியைக் கழற்றி மாட்டுவது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகே கடிகாரம். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறிப் பல வெட்டுகள். அழுத்தாமல் ரம்பம் தன் எடையிலேயே இறங்க விடுவது. இப்படி அளக்கும்போது வித்தியாசம் மறைந்துவிடுவதில்லை. ஆனால் கூவி விற்கப்படும் அளவைவிடச் சுருங்கிவிடுகிறது.

ஒரே சங்கிலி என்ற நிபந்தனைதான் மிக அதிகமாக மீறப்படுவது. கடையிலிருந்து வரும் நடுத்தர ரம்பங்கள் பலவற்றில், எகிறுவதைக் குறைப்பதற்கான மேடிட்ட இணைப்புகள் கொண்ட பாதுகாப்புச் சங்கிலி இருக்கும். பட்டறையிலிருந்து வருவதிலோ கூர்மூலைப் பற்கள் கொண்ட, கையால் ராவப்பட்ட சங்கிலி. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுப் புகழை சிலிண்டருக்குக் கொடுப்பது, சமையல்காரரை விட்டுவிட்டு அடுப்பைப் பாராட்டுவது போல.

புழு சொன்ன பாடம்

சங்கிலிதான் விஷயம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் மின்சாரச் சங்கிலி ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோல் ரம்பத்தையும் கொண்டுவந்தார். எஞ்சின்கள் மேம்பட்டுக்கொண்டே போயின. சங்கிலியின் பற்கள் மட்டும் பழைய கைரம்பத்தின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அடிக்கடி மழுங்கின. ராவிக் கூராக்குவதிலேயே பொழுது போனது.

1946-ல் ஆரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி ஒரு மரத்தண்டைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். விரல் தடிமனுள்ள அந்தப் புழு, நாரின் போக்கையோ குறுக்கையோ பொருட்படுத்தாமல் இடமும் வலமுமாக மரத்தை அரிந்துகொண்டே முன்னேறியது. அதன் தாடையின் வடிவத்தை எஃகில் வார்த்தால் என்ன என்று யோசித்தார் காக்ஸ். அடுத்த ஆண்டே இடம், வலம் என மாறி மாறி வளைந்த பற்கள் கொண்ட 'சிப்பர்' சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் பெரும்பாலான ரம்பச் சங்கிலிகள் அதன் வாரிசுகள். எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாமல் அறுப்பு வேகம் தாவிய கணம் அது.

அந்தப் பல்லின் நுட்பம் எளிமையானது. ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. 3/8 சங்கிலியில் வழக்கமான வித்தியாசம் 0.65 மி.மீ. பல்லை ராவ ராவ அது பின்னுக்குத் தேய்ந்து உயரமும் குறையும். மேடு மட்டும் அப்படியே நிற்கும். விளைவு: பல் கூராக இருந்தும் கடிக்காது. உருண்டை அரத்தால் பல்லைத் தீட்டுபவர்களில் பலர், தட்டை அரத்தால் இந்த மேட்டைத் தொடுவதே இல்லை. பிறகு ரம்பம் சக்தி இழந்துவிட்டது என்று பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

அதற்காக மேட்டை இஷ்டத்துக்குத் தேய்க்கவும் கூடாது. பல் அளவுக்கு மீறிக் கடித்தால் சங்கிலி மரத்தைப் பிடித்து இழுக்கும், அதிரும், எகிறும். எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் உள்ள உறவும் இங்கேதான் தெரிகிறது. சக்தி கூடிய எஞ்சின் சற்று ஆழமான கடியைத் தாங்கும். அதே சங்கிலியை மாற்றம் செய்யாத ரம்பத்தில் மாட்டினால் அது திணறும். குடைந்த எஞ்சினின் முழுப் பயனும் அதற்கேற்ப ராவத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்குப் பத்து விநாடி வெட்டுகள் 200 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரம்பம் மரத்துக்குள் இருக்கும் நேரம் மொத்தம் 33 நிமிடம். மற்ற பொழுதெல்லாம் நடப்பது, மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பது, ஆப்பு அடிப்பது, பெட்ரோல் ஊற்றுவது. ரம்பம் 20 சதவீதம் வேகமானால் மிச்சமாவது ஐந்தரை நிமிடம். ஆனால் சங்கிலி மழுங்கி, வெட்டுக்கு இரட்டிப்பு நேரம் பிடித்தால் நஷ்டம் 33 நிமிடம். ஒரு நொடி மண்ணைத் தொட்டாலே சங்கிலி மழுங்கிவிடும். தெறித்து விழுவது செதிள் செதிளாக இருந்தால் சங்கிலி கூர். மாவாக இருந்தால் மழுக்கல். இதை அறிய ஸ்டாப்வாட்ச் வேண்டாம்.

கொடுக்கும் விலை

குடைந்த ரம்பத்துக்குப் பட்டறைக் கூலியைத் தவிர வேறு விலைகளும் உண்டு. முதலாவது காது. கம்பெனி சைலன்சரோடு ஓடும் ரம்பமே இயக்குபவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், காதுக் கவசமின்றி 100 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் இருக்கலாம் என்கிறது. 110 டெசிபல் என்றால் ஒன்றரை நிமிடம். சைலன்சரின் வாயை அகட்டுவது இந்தக் கணக்கை இன்னும் சுருக்குகிறது.

இரண்டாவது நெருப்பு. சைலன்சர் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஒரு கம்பி வலை இருக்கும். காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் என்று பலர் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான். அமெரிக்க தேசியக் காடுகளில் அந்த வலை இல்லாமல் எஞ்சினை இயக்குவது குற்றம். கோடையில் காய்ந்து கிடக்கும் கலிஃபோர்னியச் சருகின் மீது விழும் ஒரு பொறிக்கு, வெட்டில் மிச்சமான இரண்டு விநாடி ஈடாகாது. புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பது அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்துக்கும் விரோதம்.

மூன்றாவது கால். ரம்பம் வழுக்கினால் தொடையைக் காக்க, ஸ்பிராக்கெட்டில் சிக்கி அதை நிறுத்தும் இழைகள் திணித்த கால்சட்டைகள் உண்டு. ஐரோப்பியத் தர அளவுகளின்படி முதல் வகுப்புக் கால்சட்டை சோதிக்கப்படுவது விநாடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்தில். மூன்றாம் வகுப்பு 28 மீட்டரில். நிமிடத்துக்கு 15,000 சுற்று எகிறும் குடைந்த ரம்பத்தில் 7 பல் ஸ்பிராக்கெட்டே சங்கிலியை 33 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறது.

நான்காவது விரல். வருடக்கணக்கில் அதிர்வு ஏறிய கைகளில் ரத்த ஓட்டம் கெட்டு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். இதற்கு 'வெள்ளை விரல்' என்றே பெயர். அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் பரவியபின் நிலைமை மாறியது. எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வின் உச்ச வரம்பை விநாடி வர்க்கத்துக்கு 5 மீட்டர் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் நிர்ணயித்தது. மழுங்கிய சங்கிலியும், மேடு அதிகம் தேய்ந்த சங்கிலியும் இந்த அதிர்வைக் கூட்டும். அரம் இங்கும் மருந்து.

வேகமே உயிரான இடம்

ஆனாலும் வேகத்தை ஏளனம் செய்ய முடியாத ஒரு தருணம் காட்டில் உண்டு. வடமேற்கு அமெரிக்காவின் ஆல்டர் போன்ற மரங்கள் பலமாகச் சாய்ந்து வளரும். அவற்றின் பின்பக்கத்தில் அறுக்கும்போது ரம்பம் மெதுவாக நகர்ந்தால், அறுத்து முடிவதற்குள் மரம் தன் பாரத்தாலேயே நெடுக்குவாட்டில் பிளந்து, பிளந்த பாதி பின்னோக்கி வீசும். சலூன் நாற்காலி சாய்வதுபோல இருப்பதால் இதை முடிதிருத்துபவரின் நாற்காலி என்கிறார்கள். முகத்துக்கு நேரே நடக்கும் இந்த விபத்தில் தப்புவது அரிது.

இங்கே கூடுதல் குதிரைத்திறன் ஆடம்பரமல்ல என்பது அனுபவஸ்தர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மாற்று வழியும் உண்டு. பின்பக்கத்தில் ஒரு பட்டையை அறுக்காமல் விட்டு, ரம்பத்தை நடுவே செருகி உள்ளே அறுத்துவிட்டு, கடைசியில் அந்தப் பட்டையை மட்டும் வெட்டிவிடுவது. மரம் ஒரே கணத்தில் விழும். இதற்கு வேண்டியது பயிற்சியும் கூரான சங்கிலியும்.

இதற்கிடையே பட்டறைகளின் வேலையைக் கம்பெனிகளே பறிக்கத் தொடங்கிவிட்டன. எரியாத பெட்ரோல் வெளியேறாமல் ஓர் அடுக்குக் காற்றைக் காவலுக்கு நிறுத்தும் எஞ்சின்கள் வந்துவிட்டன. கலவையைத் தானே சரிசெய்யும் மின்னணுக் கார்புரேட்டர் பரவலாகிவிட்டது. 1990களின் செல்லப்பிள்ளையான 372 எக்ஸ்.பி.யில் ஒரு கிலோவாட் சக்திக்குச் சுமக்க வேண்டிய எடை சுமார் 1.56 கிலோ. ஸ்டில்லின் 72.2 சி.சி. எம்.எஸ். 462-ல் அது 1.36. பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும், சற்றே பெரிய எம்.எஸ். 500ஐ ரம்பத்தில் 1.24. ஒரு தலைமுறைக்கு முன் குடைந்து பெற்ற சக்தி, இன்று உத்தரவாத அட்டையோடு பெட்டியில் வருகிறது. 2024 முதல் புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களின் தயாரிப்புக்குக் கலிஃபோர்னியா கடிவாளம் போட்டபோதும், 45 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள ரம்பங்கள் மத்தியச் சட்டத்தின் விலக்கால் தப்பின. நடுத்தர ரகத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

புயலுக்குப் பின்

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வேஷத்தில் வருகிறது. 2018-ல் கஜா புயல் தமிழகத்தின் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்தபோதும், 2019-ல் ஃபானி ஒடிஷாவைப் புரட்டியபோதும், 2020 மே மாதம் அம்பன் கொல்கத்தாவின் சாலைகளை மரங்களால் அடைத்து ராணுவத்தை வரவழைத்தபோதும், சாலைகளைத் திறந்தது சங்கிலி ரம்பம்தான். விழுந்த நகரத்து மரங்களில் ஆணியும் கம்பியும் சிமென்ட்டும் புதைந்திருக்கும். ஒரே மரத்தில் மூன்று முறை சங்கிலி மழுங்கலாம்.

நம் சந்தையிலோ பெரிய எழுத்தில் சி.சி.யை அச்சிட்ட மலிவு ரம்பங்கள் நீளமான பட்டையோடு குவிந்து கிடக்கின்றன. வாங்குபவர் எஞ்சினின் எண்ணைப் பார்த்து வாங்குகிறார். பற்களின் எண்ணிக்கை, மேட்டின் உயரம், அரத்தின் அளவு பற்றி விற்பவரும் சொல்வதில்லை. அரம், மேட்டை அளக்கும் தகடு, காதுக் கவசம், கால்சட்டை ஆகியவற்றோடு ஒரு நாள் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால், நடுத்தர ரம்பமே புளியமரத்தையும் ரப்பர் தோட்டத்தையும் ஒழுங்காகச் சமாளிக்கும்.

வேகம் கூட்டப்பட்ட எஞ்சினுக்கு ரசிகர்கள் என்றும் இருப்பார்கள். அந்தக் கலையின் நுட்பம் மதிக்கத்தக்கதே. ஆனால் மரத்துக்குத் தெரிந்தது அதன் நாரைத் தொடும் பல் மட்டும்தான். சில நூறு ரூபாய் அரமும் பத்து நிமிடப் பொறுமையும் அந்தப் பல்லுக்குத் தரும் வேகத்தில், காது செவிடாவதில்லை, காடு எரிவதுமில்லை.